அரை நொடிக் கூலி: தின்பண்டம் கொடுத்து நாயைப் பழக்கும் முறை

எங்கள் வீட்டில் மணி என்றொரு நாட்டு நாய் இருக்கிறது. தெருவில் பிறந்து, இரண்டு மாதக் குட்டியாக வீட்டுக்குள் வந்தது. ஒரு வயதை எட்டியபோது, வாசலில் காலிங் பெல் அடித்தால் காது அடைக்கும்படி குரைக்கும் பழக்கம் அதற்கு வந்திருந்தது. குரைப்பை நிறுத்தியவுடன் ஒரு பிஸ்கட் கொடுத்து வந்தால் அமைதியாக இருக்கக் கற்றுக்கொள்ளும் என்று நம்பி, நானும் விடாமல் அப்படியே செய்தேன். மூன்று வாரங்களில் அது கற்றுக்கொண்டது வேறொன்று. முதலில் நன்றாகக் குரைக்க வேண்டும், பிறகு சட்டென்று நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்க வேண்டும், அப்போது பிஸ்கட் வரும். யாருமே வராத நேரத்திலும் வாசலுக்குப் போய் நான்கு முறை குரைத்துவிட்டு, கணக்குத் தீர்க்க வந்தவரைப் போல என் எதிரே வந்து அது உட்காரத் தொடங்கியபோதுதான், நான் கூலி கொடுத்துவந்த இடம் தவறு என்பது எனக்குப் புரிந்தது.

தின்பண்டம் கொடுத்துப் பழக்கும் முறையில் ஏற்படும் தோல்விகளில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை. நாம் எதற்காகக் கொடுக்கிறோம் என்பது நாய்க்குத் தெரியாது. தின்பண்டம் வருவதற்குச் சற்று முன்னால் தான் என்ன செய்தோம் என்பது மட்டுமே அதற்குத் தெரியும். இந்த வழிகாட்டியில் வரும் எல்லாப் படிகளும் அந்தச் சிறு இடைவெளியைக் கையாளும் வழிகளே.

முறையின் அடிப்படை

1898ஆம் ஆண்டில் எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் பூனைகளைத் தாழ்ப்பாள் போட்ட பெட்டிகளில் அடைத்து, அவை வெளியே வர எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கின்றன என்று அளந்தார். நல்ல விளைவைத் தந்த செயல் மீண்டும் மீண்டும் நிகழ்வதும், பயன் தராத செயல் மெல்ல உதிர்ந்துபோவதும் அவருடைய அளவீடுகளில் தெரிந்தன. பின்னர் பி. எஃப். ஸ்கின்னர் இதை விரிவாக ஆராய்ந்து, ஒரு செயலுக்குப் பின் விலங்கு விரும்பும் ஒன்றைச் சேர்ப்பதால் அந்தச் செயல் பெருகினால், அதை நேர்மறை வலுவூட்டல் என்று குறிப்பிட்டார். ‘நேர்மறை’ என்பது இங்கே கணக்கில் வரும் கூட்டல் குறியைப் போன்றது. அன்பாக நடத்துவது என்பது அதன் நேர்ப்பொருள் அன்று.

அடித்தும் சங்கிலியைச் சுண்டியும் பழக்கினால் நாய் கேட்காதா என்று வினவுவோருக்கு, கேட்கும் என்பதே நேர்மையான பதில். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. போர்ச்சுகலில் 92 வளர்ப்பு நாய்களைப் பயிற்சிப் பள்ளிகளில் கவனித்து 2020ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், தண்டனையை நம்பிய பள்ளிகளின் நாய்களிடம் பயிற்சியின்போது பதற்ற அறிகுறிகள் கூடுதலாகக் காணப்பட்டன. பயிற்சிக்குப் பின் எச்சிலில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவும் அவற்றுக்குக் கூடுதலாக உயர்ந்திருந்தது. அமெரிக்கக் கால்நடை நடத்தை மருத்துவச் சங்கம் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட நிலைப்பாட்டில், எல்லா நாய்களுக்கும், கடிக்கும் நாய்கள் உட்பட, வெகுமதி சார்ந்த முறைகளையே பரிந்துரைத்தது.

முதல் படி: தின்பண்டத்தைத் தேர்ந்தெடுத்தல்

கடையில் வண்ண உறையில் கிடைப்பதை வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. நல்ல பயிற்சித் தின்பண்டத்துக்கு மூன்று குணங்கள் போதும். மென்று கொண்டிருக்காமல் ஒரே விழுங்கில் உள்ளே போக வேண்டும். கையில் பிசுபிசுக்கக் கூடாது. மணம் இருக்க வேண்டும். பிஸ்கட் இந்த மூன்றில் முதலாவதிலேயே தோற்றுவிடுகிறது. நாய் அதைக் கடித்து, உதிர்த்து, தரையில் துகள் தேடி நக்கி முடிப்பதற்குள் பயிற்சியின் ஓட்டம் அறுந்துவிடும். அதில் உள்ள மைதாவும் சர்க்கரையும் தினமும் சேர்வது உடம்புக்கும் நல்லதன்று.

உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி, என் அனுபவத்தில், எல்லாவற்றிலும் கைக்கு அடக்கமானது. கோழி ஈரல் அதைவிட வலிமையான ஈர்ப்பு உடையது. ஆனால் அதில் வைட்டமின் ஏ மிகுதி என்பதால் எப்போதாவது, அருமையான வேலைகளுக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும். சைவ வீடுகளில் பனீர், வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, காரட், தேங்காய்ச் சில்லு, காய்ந்த இட்லித் துண்டு ஆகியவற்றை வைத்தே முழுப் பயிற்சியையும் நடத்த முடியும். கருவாட்டுக்கு நாய்கள் உயிரை விடும் என்பது உண்மைதான். ஆனால் நம் ஊர்க் கருவாட்டில் உப்பு மிக அதிகம். உப்பிடாமல் உலர்த்திய நெத்திலி கிடைத்தால் பொடியாகக் கிள்ளிக் கொடுக்கலாம்.

கொடுக்கவே கூடாதவற்றையும் வீட்டிலுள்ள எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. ஆகவே குழம்பில் கிடந்த கறித்துண்டைக் கழுவிக் கொடுப்பதும் சரியன்று. திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். பாயசத்தில் மிதக்கும் நான்கைந்து பழங்களும் இந்தக் கணக்கில் அடங்கும். சாக்லேட், வேகவைத்த எலும்பு, சர்க்கரை சேர்க்காத சூயிங்கம் போன்றவற்றில் இனிப்புக்காகச் சேர்க்கப்படும் சைலிட்டால் ஆகியவை ஆபத்தானவை. கடையில் வாங்கும் வேர்க்கடலை வெண்ணெயிலும் சைலிட்டால் இருக்கலாம் என்பதால் உறையைப் படித்த பிறகே வாங்க வேண்டும்.

அளவைப் பற்றி ஒரு கணக்கைச் சொல்கிறேன். நாளொன்றுக்கான கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டமாகப் போகக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் வரம்பு. கருத்தடை செய்யப்பட்ட, 15 கிலோ எடையுள்ள வளர்ந்த நாட்டு நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 850 கலோரி தேவைப்படும். அதில் பத்தில் ஒரு பங்கு 85. வேகவைத்த நெஞ்சுக்கறியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 165 கலோரி இருக்கிறது. ஆகவே 50 கிராம் வரை தாராளமாகக் கொடுக்கலாம். அதைப் பாதிக் கொண்டைக்கடலை அளவுக்கு நறுக்கினால் நூறு துண்டுகளுக்குக் குறையாது. நாய் துண்டுகளின் எண்ணிக்கையையே பெரிதாக மதிக்கிறது, அவற்றின் பருமனை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை என்பதால், பெரிய துண்டு ஒன்றைவிடச் சிறிய துண்டுகள் ஐந்து சிறந்தவை.

வாரத்துக்கு ஒரு முறை வேகவைத்து, நறுக்கி, நாளுக்கொரு பொட்டலமாகக் கட்டி உறைநிலைப் பெட்டியில் வைத்துவிட்டால் வேலை எளிது. தின்பண்டத்தை எடுத்துச்செல்ல விலை உயர்ந்த இடுப்புப் பைகள் விற்கிறார்கள். பாட்டிமார் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பை, உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறையை வைத்துக்கொண்டால், அவற்றுக்குச் சற்றும் குறைந்ததன்று.

இரண்டாம் படி: குறிச்சொல்

நாய் உட்கார்ந்த நொடியில் தின்பண்டம் அதன் வாயில் இருக்க வேண்டும் என்றால், நம் கை மின்னல் வேகத்தில் இயங்க வேண்டும். கை பைக்குள் போய்த் துண்டை எடுத்து வாயருகே வருவதற்குள் நாய் எழுந்திருக்கும், திரும்பியிருக்கும், காதைச் சொறிந்திருக்கும். கூலி அந்தச் சொறிதலுக்குப் போய்ச் சேரும். இந்த இடைவெளியைக் கடக்க ஒரு பாலம் வேண்டும். ‘நீ இப்போது செய்தது சரி, தின்பண்டம் வந்துகொண்டிருக்கிறது’ என்று சொல்லும் ஒரு சிறு ஒலிதான் அந்தப் பாலம். 1951ஆம் ஆண்டில் விலங்குகளைப் பழக்குவது பற்றிப் பொதுமக்களுக்காக எழுதிய கட்டுரையில் ஸ்கின்னர் இதற்குப் பரிந்துரைத்தது, அமுக்கினால் ‘டிக்’ என்று ஒலிக்கும் தகர விளையாட்டுப் பொருள். நம் ஊர்த் திருவிழாக் கடைகளில் விற்ற தகரத் தவளை அதே இனம்தான். இப்போது இதற்கென்றே கிளிக்கர் என்ற பிளாஸ்டிக் கருவி கிடைக்கிறது.

கருவி இல்லாமல் ஒரு சொல்லையே பயன்படுத்தலாம். ஆனால் அந்தச் சொல்லை யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலில் நான் தேர்ந்தெடுத்தது ‘சரி’. கைப்பேசியில் பேசும்போது நான் நிமிடத்துக்குப் பத்து முறை ‘சரி, சரி’ என்று சொல்வதையும், ஒவ்வொரு முறையும் மணி தலையைத் தூக்கிப் பார்த்து ஏமாந்து படுப்பதையும் ஒரு நாள் வீட்டார்தான் சுட்டிக்காட்டினார்கள். ‘நல்லது’, ‘ஆமா’ ஆகியவற்றுக்கும் இதே குறை உண்டு. அன்றாடப் பேச்சில் வராத, ஓரசையுள்ள, கூர்மையான ஒலி எதுவாயினும் போதும். நாங்கள் ‘டிக்’ என்பதையே வைத்துக்கொண்டோம்.

அந்த ஒலிக்குப் பொருள் ஏற்றுவது எளிது. அமைதியான அறையில் நாயின் அருகே உட்கார்ந்து, ‘டிக்’ என்று சொல்லி, ஒரு நொடிக்குள் ஒரு துண்டு கொடுக்க வேண்டும். நாய் எதுவும் செய்ய வேண்டியதில்லை. பத்துப் பதினைந்து முறை, நாளுக்கு இரண்டு வேளை. ஒலி முதலில், கை பிறகு என்ற வரிசை மாறக் கூடாது. கை முதலில் அசைந்தால் நாய் கையைத்தான் கவனிக்கும். இரண்டு நாள் கழித்து, நாய் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும்போது ‘டிக்’ என்று சொல்லிப் பாருங்கள். வெடுக்கென்று தலை திரும்பினால் பொருள் ஏறிவிட்டது. அதன் பிறகு அந்த ஒலி ஓர் உறுதிமொழி. தவறுதலாகச் சொல்லிவிட்டாலும் தின்பண்டத்தைக் கொடுத்தே ஆக வேண்டும்.

மூன்றாம் படி: உட்காருதல்

உட்காருவதில் தொடங்குவது அது பெரிய வித்தை என்பதால் அன்று. நாயைவிட நாம் கற்றுக்கொள்ள வேண்டியது அதிகம் என்பதாலும், உட்காருவது கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் செயல் என்பதாலும் அது நமக்கு நல்ல ஆரம்பப் பாடம்.

துண்டை விரல் நுனியில் பிடித்து நாயின் மூக்கை ஒட்டிக் கொண்டுபோய், அங்கிருந்து மெதுவாக இரண்டு காதுகளுக்கும் நடுவே பின்னோக்கி நகர்த்த வேண்டும். மூக்கு மேலே போகும்போது இடுப்பு தானாகவே கீழே இறங்கும். பின்புறம் தரையைத் தொட்ட அந்த நொடியில் ‘டிக்’; உடனே, நாய் உட்கார்ந்தபடி இருக்கையிலேயே, வாயருகே துண்டு. பிறகு இன்னொரு துண்டைச் சற்றுத் தள்ளித் தரையில் போட்டால், அதை எடுக்க நாய் எழுந்து போகும்; நமக்கு அடுத்த முயற்சி தொடங்கும். கையை மிக உயரத்தில் பிடித்தால் நாய் எகிறிக் குதிக்கும். வேகமாக நகர்த்தினால் பின்னால் நடக்கும். இரண்டும் நம் கையின் பிழைகள். பின்புறத்தை அழுத்தி உட்கார வைக்கக் கூடாது; அழுத்தினால் நாய் எதிர்த்து நிமிரத்தான் கற்றுக்கொள்ளும்.

வழவழப்பான டைல்ஸ் தரையில் பின்னங்கால்கள் சறுக்குவதால் பல நாய்கள் உட்காரத் தயங்கும். ஒரு கோணிச் சாக்கை விரித்தால் போதும். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் போன்ற மெலிந்த, நீண்ட கால்களுடைய வேட்டை நாய்கள் வெறுந்தரையில் உட்காருவதை விரும்பாமல் போகலாம்; அவற்றிடம் அசையாமல் நிற்பதைக் கேட்பதும் இதற்கு இணையான பாடமே.

மூன்று முதல் ஐந்து முறை வரைதான் கையில் துண்டை வைத்துக்கொண்டு வழிநடத்த வேண்டும். ஆறாவது முறை, அதே கை அசைவு, ஆனால் வெறுங்கை. நாய் உட்கார்ந்ததும் ‘டிக்’ சொல்லி, துண்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். பலரும் இந்த இடத்தைக் கடக்காமலேயே நின்றுவிடுகிறார்கள். ‘கையில் தீனி இருந்தால்தான் என் நாய் கேட்கும்’ என்ற புலம்பல் பிறப்பது இங்கேதான். தின்பண்டத்தை முன்னால் காட்டி வேலை வாங்குவது லஞ்சம். வேலை முடிந்த பின் கொடுப்பது கூலி. லஞ்சத்துக்குப் பழகிய நாய், முதலில் நம் கையைப் பார்த்து விலை மதித்துவிட்டுத்தான் உட்காரலாமா என்று முடிவெடுக்கும்.

பயிற்சி நேரம் மூன்று முதல் ஐந்து நிமிடம். தொடக்கத்தில் நிமிடத்துக்குப் பத்துத் துண்டுகளாவது போக வேண்டும்; அதற்குக் குறைந்தால் நாம் கேட்பது கடினமாக இருக்கிறது என்று பொருள். சாப்பாட்டுக்கு முன், சற்றுப் பசியோடு இருக்கும் நேரமே உகந்தது. சித்திரை, வைகாசி வெயிலில் நண்பகலில் எந்த நாயும் கறியைக்கூட முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். காலை ஆறு மணியும் பொழுது சாய்ந்த பிறகும்தான் நமக்கான நேரங்கள். தூக்கமில்லாத கொட்டாவி, அடிக்கடி உதட்டை நக்குதல், முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல், காரணமின்றிச் சொறிதல் ஆகியவை தெரிந்தால், எளிதான ஒன்றைக் கேட்டுக் கூலி கொடுத்து அன்றைய பாடத்தை முடித்துவிட வேண்டும்.

நான்காம் படி: சொல்லைச் சேர்த்தல்

நாய் இன்னும் உட்காரக் கற்றுக்கொள்ளாதபோதே ‘உட்கார், உட்கார், உட்கார்’ என்று சொல்லிக்கொண்டிருந்தால், அந்தச் சொல் மின்விசிறிச் சத்தத்தைப் போலப் பொருளற்றுப் போகும். வெறுங்கை அசைவுக்குப் பத்துக்கு எட்டு முறையாவது நாய் உட்காருகிறது என்ற நிலை வந்த பிறகே சொல்லைச் சேர்க்க வேண்டும். சொல்லை ஒரே ஒரு முறை சொல்லி, ஒரு நொடி காத்திருந்து, பிறகு கையை அசைக்க வேண்டும். சில நாட்களில் கை அசையும் முன்பே நாய் உட்காரும். அந்த முறை இரட்டைக் கூலி.

எந்தச் சொல் என்பதை வீட்டில் உள்ளவர்கள் கூடி முடிவு செய்ய வேண்டும். எங்கள் வீட்டில் அப்பா ‘உக்காரு’ என்பார், என் மகள் ‘சிட்’ என்பாள், அம்மாவோ ‘கொஞ்ச நேரம் உக்காருடா கண்ணு’ என்று கெஞ்சுவார். நாய்க்கு இவை மூன்றும் வெவ்வேறு ஒலிகள். தமிழா ஆங்கிலமா என்பது நாய்க்குப் பொருட்டன்று; எல்லோரும் ஒன்றையே சொல்கிறார்களா என்பதுதான் பொருட்டு. நாங்கள் ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினோம். அம்மாவை மட்டும் திருத்த முடியவில்லை. அவருக்கென்று ஒரு கை அசைவை மணி தனியாகக் கற்றுக்கொண்டது.

அதன் பிறகு கடினத்தை ஏற்றலாம். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறது, நாம் எவ்வளவு தொலைவில் நிற்கிறோம், சுற்றிலும் எவ்வளவு கவனச் சிதறல் இருக்கிறது என்ற மூன்றில், ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே கூட்ட வேண்டும். கூடத்தில் பத்து நொடி உட்காரும் நாயை மாடிக்குக் கூட்டிப் போனால், அங்கே ஒரு நொடியிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். அது நாயின் பிடிவாதம் அன்று. இடம் மாறியதும் பாடமும் அதற்குப் புதிதாகிவிடுகிறது. ஐந்து முயற்சிகளில் நான்கோ ஐந்தோ சரியாக வந்தால் ஒரு படி ஏறலாம்; மூன்று என்றால் அங்கேயே நிற்கலாம்; அதற்கும் குறைவென்றால் ஒரு படி இறங்க வேண்டும்.

ஐந்தாம் படி: கூப்பிட்டால் வருதல்

நாய்க்கு ஒன்றே ஒன்றைத்தான் கற்றுக்கொடுக்க முடியும் என்றால், நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். திறந்து கிடந்த கேட்டைத் தாண்டிச் சாலைக்கு ஓடும் நாயை உயிரோடு திருப்பிக் கொண்டுவரக்கூடியது இது ஒன்றுதான்.

முதலில் சொல். ‘வா’ என்பதை நாம் மனிதர்களிடமும் பூனையிடமும் ஆட்டோக்காரரிடமும் சொல்கிறோம். அதைத் தவிர்த்து வேறொன்றை வைக்க வேண்டும். நாங்கள் ஒரு குறிப்பிட்ட சீழ்க்கை ஒலியை வைத்துக்கொண்டோம். கூடத்தில் இரண்டடி தொலைவில் சீழ்க்கை, நாய் திரும்பியதும் ‘டிக்’, வந்து சேர்ந்ததும் ஈரல். ஒரு துண்டைக் கொடுத்து முடித்துவிடாமல், ஐந்தாறு துண்டுகளை ஒவ்வொன்றாக, கால் நிமிடம் நீளும்படி கொடுக்க வேண்டும். நம்மிடம் வந்து நிற்கும் அந்த நேரமே நாய்க்கு விருந்தாக வேண்டும். கொடுக்கும்போது இன்னொரு கையால் கழுத்துப்பட்டையைத் தொட்டுப் பிடித்துப் பழக்க வேண்டும். இல்லையேல் வந்து தின்றுவிட்டுக் கைக்கு எட்டாமல் நழுவும் வித்தையையும் அது சேர்த்தே கற்றுக்கொள்ளும்.

கூடத்திலிருந்து மாடி, மாடியிலிருந்து ஐந்து மீட்டர் பருத்திக் கயிறு கட்டிய நிலையில் திறந்த வெளி என்று வாரக்கணக்கில் விரிக்க வேண்டும். குளிப்பாட்டவோ, காது சுத்தம் செய்யவோ, சங்கிலியில் கட்டவோ இந்தச் சொல்லால் ஒருபோதும் கூப்பிடக் கூடாது. அந்த வேலைகளுக்கு நாமே எழுந்து போய் அழைத்து வரலாம். அரை மணி நேரம் கழித்து வந்தாலும் திட்டக் கூடாது, ஏனெனில் அப்போது தண்டனை பெறுவது ஓடியது அன்று, வந்தது.

வேட்டை நாய் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பார்வையால் இரையைத் துரத்துவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சிப்பிப்பாறைக்கு, ஓடும் ஆட்டுக்குட்டியைவிட உங்கள் ஈரல் பெரிதாகத் தெரியும் என்று நம்பிக் கயிற்றை அவிழ்க்க வேண்டாம்.

வாசலும் காலிங் பெல்லும்

மணியின் குரைப்புக்கு வருகிறேன். பிழை, குரைப்புக்குப் பின் கூலி கொடுத்தது. குரைப்பதற்கு முன்பே கூலி வேறொரு வேலைக்குப் போக வேண்டியிருந்தது. கூடத்தின் மூலையில் ஒரு பழைய கோரைப்பாயை விரித்து, அதன் மேல் மணி தற்செயலாகக் கால் வைத்தபோதெல்லாம் ‘டிக்’ சொல்லித் துண்டைப் பாயின் மேலேயே போட்டேன். இரண்டு நாளில் பாயை விட்டு அது நகர மறுத்தது. பிறகு, யாரும் வராத நேரத்தில் என் மகள் காலிங் பெல்லை மெதுவாக ஒரு முறை அழுத்துவாள். ஒலித்த அதே நொடியில், மணி வாயைத் திறக்கும் முன், பாயின் மேல் நான்கைந்து துண்டுகளை இறைப்பேன். ஏறத்தாழ ஆறு வாரம் நாளுக்குப் பத்து முறை இப்படி. பெல் ஒலி பாய்க்கு ஓடுவதற்கான அழைப்பாக மாறியது. நடுவில் சிலிண்டர்காரர் உண்மையாகவே வந்து பெல்லடித்த நாட்களில் பழைய குரைப்பு எட்டிப் பார்த்தது. அந்த நேரங்களில் பாடம் நடத்த முயலாமல் மணியை உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்தினோம்.

இந்தக் குரைப்பின் உறவினர்தான் சாப்பாட்டு நேரத்தில் தட்டருகே நின்று வழியும் எச்சில். பத்து முறைக்கு ஒரு முறை யாராவது ஒரு தோசை விள்ளலைக் கீழே போட்டால், அந்தப் பழக்கம் ஒவ்வொரு முறையும் கொடுப்பதைவிட வலுவாக வேரூன்றும். எப்போது வரும் என்று தெரியாத கூலிக்காக உழைக்கும் பொறுமை விலங்குகளிடம் வியப்பூட்டும் அளவுக்கு உண்டு என்பதை ஸ்கின்னரின் புறாக்கள் காட்டியிருக்கின்றன. பரிசுச்சீட்டு வாங்குபவரிடமும் அது உண்டு. தட்டிலிருந்து கொடுப்பதை அடியோடு நிறுத்தினால், முதல் சில நாட்கள் நாய் முன்னைவிட அதிகமாகக் கெஞ்சும், காலைப் பிராண்டும். அது பழக்கம் அணையுமுன் எழும் கொழுந்து. அந்த நேரத்தில் மனம் இரங்கி ஒரு விள்ளல் கொடுத்துவிட்டால், இவ்வளவு கெஞ்சினால்தான் கிடைக்கும் என்று விலை உயர்ந்துவிடும்.

தெருவில் நடத்தல்

கயிற்றை இழுக்காமல் நடக்கக் கற்றுக்கொடுக்கும்போது, துண்டை எப்போதும் நம் கால்சட்டையின் இடது பக்கத் தையலை ஒட்டியே கொடுக்க வேண்டும். கூலி எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் நாய் சுற்றிக்கொண்டிருக்கும். இழுத்தால் நின்றுவிட வேண்டும், தளர்ந்தால் நடக்க வேண்டும். நம் தெருக்களில் பெரிய சிக்கல் மற்ற நாய்கள். தொலைவில் ஒரு தெருநாய் தென்பட்டதும், நம் நாய் குரைக்கும் முன்பே ‘டிக்’ சொல்லிக் கொடுத்து, வேறு பக்கம் திரும்பி நடக்கலாம். ஆனால் துண்டைக் கையிலிருந்து நேரே வாய்க்குக் கொடுக்க வேண்டும். தரையில் இறைத்தால் தெருநாய்களும் வந்துசேரும், தீனிக்கான சண்டை நம் காலடியிலேயே நடக்கும்.

வாயில் கவ்வியதை விடுதல்

செருப்பைக் கவ்விய நாயைத் துரத்தினால் அது ஒரு விளையாட்டாகிவிடும். மூக்கருகே கோழித்துண்டைக் காட்டி, வாய் திறந்ததும் ‘டிக்’ சொல்லிக் கொடுத்து, செருப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆபத்தில்லாத பொம்மையாக இருந்தால், தின்று முடித்ததும் அதைத் திருப்பியும் கொடுக்க வேண்டும். கொடுத்தால் திரும்பக் கிடைக்கும் என்று அறிந்த நாய் எதையும் பதுக்காது. மேலே சொன்ன லஞ்சம் இங்கே முதல் சில முறைகளுக்கு மட்டும் மன்னிக்கப்படுகிறது.

தட்டருகே யாராவது போனால் உறுமும் நாயின் தட்டைப் பிடுங்கிச் சோதிக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அது கடியை வரவழைக்கும். உறுமல் ஓர் எச்சரிக்கை. அதற்காக அடித்தால், எச்சரிக்காமல் கடிக்கக் கற்றுக்கொள்ளும். தட்டில் இருப்பதைவிடச் சுவையான ஒரு துண்டை, நாய் தலை நிமிராத தொலைவிலிருந்து வீசிவிட்டுக் கடந்து செல்வதை நாள்தோறும் செய்து, தொலைவை மெல்லக் குறைக்கலாம். பல் படும் அளவுக்குப் போனால் வீட்டு வைத்தியம் வேண்டாம். நடத்தைச் சிக்கல்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். கடி பட்டவர், தடுப்பூசி போட்ட சொந்த நாயே கடித்திருந்தாலும், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பட்டாசுச் சத்தம்

அச்சத்துக்குக் கூலி கொடுக்க முடியாது. நடுங்கும் நாயைத் தடவிக் கொடுத்தால் நடுக்கம் பழகிவிடும் என்பது பரவலான தவறான எண்ணம். அச்சம் ஓர் உணர்ச்சி, உட்காருவதைப் போன்ற செயல் அன்று. இங்கே தின்பண்டத்தின் வேலை வேறு. அது ஒலியின் பொருளையே மாற்ற வேண்டும். தீபாவளிக்கு மூன்று மாதம் முன்பே பட்டாசு ஒலிப்பதிவைக் காதுக்கு எட்டியும் எட்டாத அளவில் ஒலிக்கவிட்டு, ஒலி எழுந்ததும் கோழி, ஒலி நின்றதும் கோழியும் நிற்கும் என்று நடத்த வேண்டும். ஒலி முதலில், கோழி பிறகு. வரிசையை மாற்றிக் கோழியை முதலில் காட்டினால், கோழியே வெடிச்சத்தத்துக்கு முன்னறிவிப்பாகி, நாய் கோழியைக் கண்டாலே ஒளியத் தொடங்கும். துண்டை வாங்க மறுத்தாலோ, விரலைக் கடிப்பதுபோலப் பிடுங்கினாலோ, ஒலி அதிகம் என்று பொருள். தீபாவளியன்று பாடம் இல்லை: ஜன்னல் சாத்திய அறை, ஓடும் மின்விசிறி, உடன் ஓர் ஆள். சென்ற ஆண்டுகளில் மிகவும் பயந்த நாயாக இருந்தால், மருந்து வேண்டுமா என்று மருத்துவரிடம் சில வாரங்கள் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

தின்பண்டத்தைக் குறைத்தல்

சொல் கேட்டுச் செய்யும் நிலை எல்லா இடங்களிலும் உறுதியான பிறகே குறைக்கத் தொடங்க வேண்டும். ஒரே நாளில் நிறுத்தினால் நாயும் வேலையை நிறுத்தும். முதலில் இரண்டு உட்காருதலுக்கு ஒன்று, பிறகு ஐந்துக்கு ஒன்று, பிறகு இரண்டுக்கே ஒன்று என்று ஒழுங்கில்லாமல் கொடுக்கலாம். வேகமாகவும் அழகாகவும் செய்த முறைகளைத் தேர்ந்து கொடுப்பது இன்னும் நல்லது. கூடவே, நாய் விரும்பும் மற்றவற்றையும் கூலியாக்கலாம். கேட் திறக்க வேண்டுமா, உட்கார். மாடிக்குப் போக வேண்டுமா, உட்கார். அந்த மின்கம்பத்தை முகர வேண்டுமா, இரண்டடி இழுக்காமல் நட. முகர்வதற்குக் கிடைக்கும் அனுமதியைப் பல நாய்கள் கோழிக்கறிக்கு நிகராக மதிக்கின்றன.

கூப்பிட்டால் வருவதற்கு மட்டும் இந்தக் குறைப்பு பொருந்தாது. மணிக்கு இப்போது ஏழு வயது. உட்காருவதற்கு அதற்குத் துண்டு கிடைத்துப் பல மாதங்கள் ஆகின்றன. பாய்க்கு ஓடினால் சில நாட்களில் ஒரு தலைவருடலோடு சரி. ஆனால் சீழ்க்கைக்கு வரும் ஒவ்வொரு முறையும், என் சுருக்குப் பையில் ஏதாவது ஒன்று இருக்கிறது.